தாழ்த்துகிறவன் முதலில் கணக்குப் பார்க்கட்டும்



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து நான் வெளியே வந்தபோது, ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் நம் வாலிபர் சிலர் ஒரு சிவப்பு ஸ்விஃப்ட் காரைச் சூழ்ந்து நின்றிருந்தனர். காருக்குரிய தம்பி தரையில் குந்தியிருந்து, முன் டயருக்கும் அதன் மேலுள்ள வளைவுக்கும் இடையே நான்கு விரல்களை நுழைத்துக் காட்டினான். "பாருங்க ஐயா, இவ்வளவு இடைவெளி. பார்க்கவே நல்லா இல்ல. வண்டியக் கொஞ்சம் இறக்கலாம்னு இருக்கேன்" என்றான்.

எப்படி இறக்குவது என்பதில்தான் அவர்களுக்குள் விவாதம். ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிட்டால் போதும், அரை நாளில் வேலை முடியும் என்றான் ஒருவன். அது பழைய முறை, தாழ்த்துவதற்கென்றே செய்த ஸ்பிரிங்குகள் கடையில் கிடைக்கின்றன என்றான் மற்றொருவன். மூன்றாமவன், செலவு செய்வதானால் உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய காயில்ஓவர்தான் வாங்க வேண்டும் என்றான். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போதகர் இதை வீண் ஆடம்பரம் என்று கடிந்துகொள்வார் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அருகில் நின்ற பெரியவர்கள் சிலர் நிச்சயமாக எதிர்பார்த்தார்கள்.

நான் கடிந்துகொள்ளவில்லை. "இவ்வாரம் இதைப் பற்றியே எழுதுகிறேன், அதுவரை ஒன்றும் வெட்டாதீர்கள்" என்று மட்டும் சொன்னேன். ஊழியத்திற்கு வருமுன் நாகர்கோவிலில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் மூன்று ஆண்டுகள் நான் வேலை செய்தது உங்களில் சிலருக்குத் தெரியும். அந்த நாட்களில் நான் கற்றதும் உண்டு. செய்யத் தகாததைச் செய்ததும் உண்டு. இரண்டையும் இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

சஸ்பென்ஷன் யாருக்காக?

காரின் உடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரண்டு உறுப்புகள் வேலை செய்கின்றன. ஒன்று ஸ்பிரிங். அது வண்டியின் எடையைத் தாங்குகிறது, மேட்டில் அமுங்குகிறது, பள்ளத்தில் விரிகிறது. மற்றொன்று ஷாக் அப்சார்பர். அதனுள் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிச் செல்வதால், அமுங்கிய ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இராமல் அடங்குகிறது. ஸ்பிரிங் தாங்குகிறது, ஷாக் அடக்குகிறது. ஒன்று இல்லாமல் மற்றொன்று பயன்படாது.

இவை நம் முதுகு வலிக்காமல் இருப்பதற்காக உண்டாக்கப்பட்டவை என்று நாம் எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான். இவற்றின் முதல் வேலை, டயரைத் தரையோடு சேர்த்து வைத்திருப்பது. பிரேக் பிடிப்பதும், திரும்புவதும், குறுக்கே ஓடிவரும் பிள்ளையைக் கண்டு வண்டியை நிறுத்துவதும், தரையைத் தொட்டிருக்கும் ஓர் உள்ளங்கை அளவு ரப்பரால்தான் நடக்கின்றன. டயர் ஒரு கணம் தரையை விட்டு எழும்பினால், அந்தக் கணத்தில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் நம் கையில் இல்லை. ஆகவே சஸ்பென்ஷனில் கைவைக்கிறவன் வண்டியின் அழகில் மட்டும் கைவைக்கவில்லை. வண்டிக்குள் இருப்போர், சாலையில் நடப்போர் யாவருடைய பாதுகாப்பிலும் கைவைக்கிறான்.

இறக்குவதால் வரும் நன்மையும் அதன் அளவும்

இறக்குவதால் நன்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வண்டி திரும்பும்போது எடை உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறுகிறது. ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரமோ, அவ்வளவுக்கு இந்த மாற்றம் மிகும். ஆகவே பந்தயக் கார்கள் தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரிவர்தன் பெயரால் விளங்கும் பந்தயப் பாதையிலும், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைப் பாதையிலும் ஓடும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மாருதி 800 காரின் இஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் பந்தயக் காரை உருவாக்கியவர் அந்தக் கரிவர்தனே. 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். நம் தமிழ்நாட்டில் இந்தக் கலைக்கு மதிப்புக்குரிய ஒரு வரலாறு உண்டு. அதைக் கற்க விரும்பும் வாலிபனை நான் இகழமாட்டேன்.

ஆனால் நன்மையின் அளவு என்ன? காகிதம் எடுத்து நீங்களே கணக்கிடலாம். ஒரு சிறு காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 550 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டியை 30 மில்லிமீட்டர் இறக்குகிறோம். திருப்பத்தில் மாறும் எடை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு குறைகிறது. அவ்வளவே.

இனி செலவுப் பக்கம். வண்டி சும்மா நிற்கும் நிலையிலிருந்து, ஸ்பிரிங் மேலும் அமுங்குவதற்கு 70 மில்லிமீட்டர் இடம் இருந்ததாகக் கொள்வோம். 30 இறக்கியபின் மீதி 40. பத்தில் நான்கு பங்குக்கும் அதிகமாக இழந்துவிட்டோம். இழப்பு அதோடு நிற்பதில்லை. ஸ்பிரிங் உள்வாங்கும் அடியின் அளவு, அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எழுபதின் வர்க்கம் 4900. நாற்பதின் வர்க்கம் 1600. அதே பள்ளத்தின் அதே அடியை இப்போது ஏற்க வேண்டுமானால், ஸ்பிரிங் மூன்று மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். அவ்வளவு விறைப்பான ஸ்பிரிங்கை எவரும் குடும்பக் காருக்கு விற்பதில்லை. விற்றாலும் அதில் உட்கார்ந்து ஊர் போய்ச் சேர முடியாது. ஆகவே மீதி அடி பம்ப் ஸ்டாப் எனப்படும் ரப்பர்க் கட்டையின்மேல் விழுகிறது. அந்தக் கட்டையும் முழுவதும் நசுங்கியபின், வண்டியின் உடல்மேல் விழுகிறது.

இன்னொன்று. ஸ்விஃப்ட் முதலிய நம் சிறு கார்களின் முன்சக்கரங்கள் மக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்னும் அமைப்பில் நிற்கின்றன. அதன் அடியிலுள்ள ஆர்ம் சக்கரத்தை நோக்கிச் சற்றுத் தாழ்ந்து சாய்ந்திருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. வண்டியை அதிகமாக இறக்கினால் அந்த ஆர்ம் படுத்துவிடுகிறது, அல்லது எதிர்ப்பக்கம் சாய்கிறது. அப்போது வண்டியின் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, ஈர்ப்பு மையம் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடுகிறது. விளைவு, திருப்பத்தில் வண்டி முன்னிலும் அதிகமாகச் சாயப் பார்க்கிறது. விறைப்பான ஸ்பிரிங் அந்தச் சாய்வை மறைத்துவிடுவதால், ஓட்டுகிறவன் தன் வண்டி தேறிவிட்டது என்று நம்புகிறான். கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் உவமை சொன்னார். இருபதில் ஒரு பங்கைப் பெற, பத்தில் நான்கு பங்கைக் கொடுப்பது எந்தக் கணக்கில் சேரும்?

நம் சாலைகள்

இந்தக் கணக்கை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். ஸ்விஃப்ட் காருக்குத் தயாரிப்பாளர் கூறும் தரையிடைவெளி 163 மில்லிமீட்டர். 40 இறக்கினால் 123. குடும்பத்தோடு ஏறினால் மேலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாழும். வேகத்தடைகளுக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு, 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் நீளமும் கொண்ட வளைந்த மேடு. ஸ்விஃப்ட்டின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.45 மீட்டர்தான். மேடு அதைவிட நீளமாதலால், முறைப்படி கட்டிய வேகத்தடையை இறக்கிய வண்டியும் உரசாமல் கடந்துவிடும். ஆனால் முறைப்படி கட்டியவை எத்தனை? விபத்து நடந்த மறுநாள் ஊரார் சிமென்டைக் கொட்டிக் குவித்த குறுகிய மேடுகளை அஞ்சுகிராமம் சுற்றிலும் நீங்கள் அறிவீர்கள். அவற்றின்மேல் வண்டியின் வயிறுதான் முதலில் உட்காரும். அங்கே இருப்பது இஞ்சின் ஆயில் சம்ப்.

நம் இடத்துக்கு மற்றொரு தன்மையும் உண்டு. வட்டக்கோட்டையில் வாழ்கிறவர்களுக்குக் கடற்காற்று இரும்பை என்ன செய்யும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஜன்னல் கம்பியும் கதவுக் கீலும் சாட்சி சொல்லும். ஸ்பிரிங்குக்குத் தொழிற்சாலையில் ஒரு பூச்சுப் பூசுகிறார்கள். வெட்டிய இடத்தில் அது இல்லை. கல் பட்டுப் பெயர்ந்த இடத்திலும் அது இல்லை. அங்கிருந்து துரு தொடங்குகிறது. ஸ்பிரிங்கில் துருப்பிடித்த ஒரு சிறு குழி, ஆயிரமாயிரம் தடவை அமுங்கி விரிந்தபின் ஒரு விரிசலாகிறது. பிறகு ஒரு நாள், முன்னறிவிப்பின்றி, முறிகிறது.

நான் வெட்டிய ஸ்பிரிங்

எனக்கு அப்போது இருபது வயது. வசதியுள்ள வீட்டு வாலிபன் ஒருவன் தன் சிறு காரைக் கொண்டுவந்து, முன்பக்கத்தை இறக்கித் தரச் சொன்னான். எங்கள் மேஸ்திரி அன்று ஒரு திருமணத்துக்குப் போயிருந்தார். ஸ்பிரிங்கை வெட்டக்கூடாது என்று அவர் முன்பே எனக்குச் சொல்லியிருந்தார். ஏன் என்றும் சொல்லியிருந்தார். ஆனால் அந்த வாலிபன் என் வயதுடையவன். என்னை "மெக்கானிக்" என்று மரியாதையாக அழைத்தான். கையில் பணமும் வைத்திருந்தான். கேஸ் கட்டரால் இரண்டு ஸ்பிரிங்குகளிலும் ஒன்றரைச் சுற்று வெட்டி, திரும்பப் பூட்டிக் கொடுத்தேன். வண்டி மிக அழகாக இருந்தது. அதை மறுக்க என்னால் இன்றும் முடியாது.

இரண்டு மாதம் கழித்து, ஐப்பசி மழையில், ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு சிறு பாலத்தருகே தார் பெயர்ந்த பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. சக்கரம் தொங்கிய அந்தக் கணத்தில், நீளம் குறைந்த ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து, நழுவிச் சாய்ந்தது. வண்டி ஒருபக்கம் இழுத்துப் புளியமரத்தில் மோதியது. ஓட்டியவனுக்கு ஒன்றும் இல்லை. பின் இருக்கையில் இருந்த அவனுடைய தங்கைக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அவள் அப்போது தையல் பழகிக்கொண்டிருந்தாள்.

வண்டி எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கே வந்தது. மேஸ்திரி அந்த ஸ்பிரிங்கைக் கழற்றி, வெட்டிய முனையைத் துணியால் துடைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கொண்டுவந்து என் கருவிப் பெட்டியின்மேல் வைத்துவிட்டுப் போனார். அந்த வாலிபன் தன் தகப்பனாரிடம், "நான்தான் வெட்டச் சொன்னேன்" என்று முழுப் பழியையும் ஏற்றுக்கொண்டான். நான் வாய் திறக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்தே அந்த வீட்டுக்குப் போய், வெட்டியவன் நான், வெட்டக்கூடாது என்று தெரிந்தே வெட்டினேன் என்று சொன்னேன். அவர்கள் என்னை மன்னித்தார்கள். அந்தக் கை நேராகவில்லை.

பிரியமானவர்களே, கேட்டவன் ஒருவன்; வெட்டியவன் ஒருவன்; காயப்பட்டவள் மூன்றாமவள். அவளிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. இந்த விஷயம் சபையில் பேசத் தக்கதா என்று கேட்கும் பெரியவர்களுக்கு இதுவே என் பதில்.

எதைத் தெரிந்துகொள்வது?

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு நேராக வருகிறேன். மூன்று வழிகள் அவன்முன் இருக்கின்றன.

முதலாவது, வெட்டுவது. இதை முற்றிலும் விலக்குங்கள். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் மீந்த ஐந்து சுற்று ஐந்தில் ஒரு பங்கு அதிகம் விறைக்கிறது. விறைப்புக் கூடுகிறது என்று சிலர் இதைப் புகழ்வார்கள். ஆனால் இருக்கையில் பொருந்துவதற்கென்று வடிவமைத்த முனை போய்விடுகிறது. நெருப்பால் வெட்டினால் எஃகின் பதமும் அந்த இடத்தில் கெடுகிறது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங்கைப் பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. வெட்டாமல் வெறுமனே சூடாக்கித் தாழ விடுவதும் இதே பாவத்தின் மறுபக்கம்.

இரண்டாவது, தாழ்த்துவதற்கென்றே செய்த ஸ்பிரிங். ஜெர்மனியின் ஐபாக் போன்ற நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக இவற்றைச் செய்கின்றன. இவை முனை கெடாதவை, பூச்சு உள்ளவை, சக்கரம் தொங்கும்போதும் இருக்கையில் நிற்கும் நீளமுள்ளவை. ஆனால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இது என் வண்டியின் இதே மாடலுக்கு, இதே இஞ்சினுக்குச் செய்ததா? அதே பெயருள்ள வெளிநாட்டு வண்டியின் எடை நம் வண்டியின் எடையாக இராமற்போகலாம். அடுத்து, என் பழைய ஷாக் இந்தப் புதிய ஸ்பிரிங்கை அடக்குமா? விறைப்பான ஸ்பிரிங் அதிக வேகத்தோடு திரும்பி எழும்புகிறது. மென்மையான ஸ்பிரிங்குக்கென்று அளவெடுத்த ஷாக், அதிலும் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிக் களைத்த ஷாக், அதை அடக்கமாட்டாது. வண்டி இறங்கியிருக்கும், ஆனால் பள்ளத்துக்குப் பள்ளம் துள்ளிக்கொண்டே போகும். ஸ்பிரிங்கை மட்டும் வாங்கி ஷாக்கை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுகிறவனிடம், இரண்டையும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளு என்றே நான் சொல்வேன்.

மூன்றாவது, காயில்ஓவர். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தொகுதியாக, ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்யப்பட்டவை. நல்ல நிறுவனத்தின் காயில்ஓவர் நல்ல பொருள்தான். ஆனால் இதன் விலை அதிகம். விலை குறைந்த போலிகளும் அதிகம். உயரத்தை மாற்றும் திருகுமரை கடற்காற்றில் இறுகிப்போகும். அடிக்கடி கழுவித் துடைத்துக் காக்காவிட்டால், ஓராண்டில் மாற்ற முடியாத காயில்ஓவர் ஆகிவிடும். இதைவிடப் பெரிய ஆபத்து, திருகினால் இன்னும் இறங்கும் என்ற எண்ணமே. கையில் அந்தச் சாவி இருக்கும்போது, போதும் என்று நிறுத்துவதற்கு மிகுந்த தன்னடக்கம் வேண்டும்.

எந்த வழியானாலும், பூட்டியபின் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் சாலைக்கு வராதீர்கள். உயரம் மாறினால் சக்கரத்தின் கேம்பரும் டோவும் மாறும். டயர் உள்ஓரத்தில் தேயும். அது வெளியில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. முகப்பு விளக்கின் ஒளிக்கோட்டையும் சரிபாருங்கள். சில பழைய கார்களில், பின் அச்சின் உயரத்தைக் கொண்டு பின் பிரேக்கின் விசையை அளக்கும் ஒரு வால்வு உண்டு. பின்பக்கத்தை இறக்கினால், வண்டியில் பாரம் ஏறியிருக்கிறது என்று அது எண்ணிப் பின் பிரேக்குக்கு அதிக விசை கொடுக்கும். மழையில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும்.

இத்தனையும் சொன்னபின், என் சொந்தக் கருத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். தம்பி, உன் வண்டி நன்றாகத் திரும்ப வேண்டும் என்பதுதான் உன் ஆசையானால், உயரத்தில் கைவைக்காதே. முதலில் நல்ல டயர் போட்டு, சரியான காற்று நிரப்பு. இரண்டாவது, கீழ் ஆர்மின் புஷ்களையும் பால் ஜாயின்ட்டையும் பார்த்துத் தேய்ந்தவற்றை மாற்று. மூன்றாவது, களைத்த ஷாக்குகளை நான்கும் ஒருங்கே மாற்று. இந்த மூன்றையும் செய்தபின் ஒரு மாதம் ஓட்டிப் பார். வண்டி தேறியது உன் கைகளுக்குத் தெரியும், காசும் மிஞ்சும், பிடித்து நிறுத்த எவருக்கும் காரணம் இராது. அதன்பிறகும் இறக்கியே ஆக வேண்டும் என்றால், 20 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், ஜோடியான ஷாக் இல்லாமல் வேண்டாம், கீழே சொல்லும் காரியத்தைச் செய்யாமல் வேண்டவே வேண்டாம்.

சட்டத்தின் வார்த்தை

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் தரையிடைவெளிக்கு இடமே இல்லையே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அந்த வாதத்தைச் சாலையோரத்தில் போலீஸாரிடம் செய்வதைவிட, முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்பது நலம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப்பின் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு ஒரு காரணமாகும்.

சட்டத்துக்கு நான் கீழ்ப்படிகிறேன். ஆயினும் அதில் ஒரு குறை காண்கிறேன். ஜெர்மனியில் வண்டியை இறக்குவது குற்றமன்று. ஆனால் பொருத்தும் பொருளுக்கு அங்கீகாரச் சான்று வேண்டும், தேவையானபோது பரிசோதகர் பார்த்து வண்டியின் பத்திரத்தில் பதிய வேண்டும். அங்கே ஒரு வாலிபன் தன் ஆசையோடு ஓர் அலுவலகத்துக்குப் போகலாம். அறிந்தவர் ஒருவர் அவன் வண்டியின் அடியில் படுத்துப் பார்ப்பார். இங்கே அப்படிப்பட்ட எளிய வாசல் இல்லாததால், அவன் இரவு நேரத்தில் கேஸ் கட்டர் வைத்திருக்கும் இருபது வயதுப் பையனிடம் போகிறான். அந்தப் பையன் யார் என்று உங்களுக்கு இப்போது தெரியும். தடையோடு கூடப் பரிசோதனைக்கும் ஒரு வழி வைத்தால் அநேக மணிக்கட்டுகள் தப்பும் என்பது என் எண்ணம்.

கோட்டையின் அருகே

செவ்வாய்க்கிழமை மாலை அந்தத் தம்பியும் நானும் கோட்டை மதிலின்மேல் நடந்தோம். குளச்சல் போரில் 1741இல் திருவிதாங்கூரிடம் சிறைப்பட்டு, பின்பு அதே திருவிதாங்கூரின் தளபதியான டச்சுக்காரர் டிலனாய் பலப்படுத்திய கருங்கல் மதில் அது. கீழே அலை மோதிக்கொண்டிருந்தது. "பாத்தீங்களா ஐயா, அசையாம நிக்குது. வண்டியும் இப்படி ரோட்டோட ஒட்டி நிக்கணும்" என்றான்.

கோட்டை இருக்கும் இடத்திலேயே இருக்கிறது, அதனால் அசையாமை அதற்குப் பலம் என்றேன். வண்டி ஒவ்வொரு கணமும் புதிய தரையின்மேல் போகிறது. அது இணங்கிக் கொடுத்தால்தான் பிடித்து நிற்கும். மதில் அசையாததால் காக்கிறது. ஸ்பிரிங் அமுங்குவதால் காக்கிறது. அமுங்குவதற்கு இருந்த இடத்தை அழகுக்காக விற்றுவிட்டால், காக்க வேண்டிய நாளில் அதனிடம் கொடுக்க ஒன்றும் மீதி இராது. மனிதருக்குள்ளும் அப்படியே. எவருக்கும் விட்டுக்கொடுக்காமல் விறைத்து நிற்பதைப் பலம் என்று எண்ணுகிறவன், முதல் பள்ளத்திலேயே தன்னையும் உடைத்துத் தன்னுடன் இருப்போரையும் காயப்படுத்துகிறான்.

தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா எப்பவும் பின் சீட்லதான் உக்காருவாங்க" என்றான். அவன் இன்னும் முடிவு சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த வாரம் தன் ஷாக்குகளைப் பார்க்க என்னை அழைத்திருக்கிறான். பழைய உடுப்பை எடுத்து வைத்திருக்கிறேன்.

பிரியமானவர்களே, இவ்வாரம் நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்யுங்கள். கார் வைத்திருப்பவர்கள், நான்கு சக்கரங்களின் பக்கத்திலும் குனிந்து, ஷாக்கில் எண்ணெய் கசிந்திருக்கிறதா, ஸ்பிரிங்கில் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பார்த்தபின், உங்கள் வண்டியின் பின் இருக்கையில் வழக்கமாக உட்காருகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். நம்மை நம்பிக் கூட ஏறிவருகிற ஒவ்வொருவரையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தேவன் நமக்கு ஞானத்தையும், செய்த பிழையை மறைக்காமல் சொல்லும் தைரியத்தையும் தந்தருள்வாராக. ஆமென்.